நாங்கள் போகாத சிகிரியா

“அக்கா, சிகிரியாவுல ஏறுறதுக்கு ஏணியா இருக்கு, படியா இருக்கு?”

எங்கள் சனிக்கிழமை வகுப்புக்கு வருகிற தரம் 11 தங்கச்சி ஒருத்தி கேட்ட கேள்வி இது. எப்போது கேட்டாள் என்பதுதான் விஷயம். தவணைப் பரீட்சையில் ‘நான் போன சுற்றுலா’ என்று இங்கிலீஷில் கட்டுரை எழுதி, வகுப்பிலேயே கூடின புள்ளி எடுத்து, அந்தப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறாள். கட்டுரை சிகிரியாவைப் பற்றியது. அதிகாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டார்களாம். பஸ்ஸில் பைலா பாடினார்களாம். ஓவியங்களைப் பார்த்து வியந்தார்களாம். கடைசியில் ‘டயர்ட் பட் ஹெப்பி’யாக வீடு திரும்பினார்களாம். இருநூறு சொல், ஒரு பிழை கிடையாது. ஹாலிஎலயைத் தாண்டி அவள் போயிருப்பது ஒரு பக்கம் பதுளை ஆஸ்பத்திரி, மறுபக்கம் பண்டாரவளை. அவ்வளவுதான்.

நானும் சிகிரியாவுக்குப் போனதில்லை. ஆனால் ஓ.எல். படிக்கும்போது இதே பஸ்ஸில் ஏறி, இதே பைலாவைப் பாடி, இதே மாதிரி களைத்துச் சந்தோஷமாகத் திரும்பி வந்திருக்கிறேன். அதனால் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. “இரும்புப் படின்னு நினைக்கிறேன்” என்றேன்.

சிரித்தோம். பிறகு அவள் பையிலிருந்து அதற்கு முந்தின தவணைப் பேப்பரையும் எடுத்துக் காட்டினாள். அதில் தலைப்பு ‘மறக்க முடியாத ஒரு நாள்’. அந்த முறை அவள் எதையும் பாடமாக்கவில்லை, தானாகவே எழுதியிருந்தாள். மழை நாள், அந்திக்குக் கொழுந்து நிறுக்கிற இடம், அம்மா. அவள் எழுதியதைத் தமிழ் எழுத்தில் அப்படியே தருகிறேன்:

‘மதர் லீஃப் எய்ட்டீன் கிலோ. கணக்கப்பிள்ளை ரைட் ஃபிப்டீன். மதர் ஆஸ்க் வை. ஆல் பீப்பிள் சைலன்ட். மதர் ஆஸ்க் அகெய்ன்.’

வினைச்சொல் ஒவ்வொன்றையும் சுற்றிச் சிவப்பு வட்டம். ஓரத்தில் ஒரு வசனம்: மாதிரிக் கட்டுரைகளைப் பாடமாக்கவும்.

பாடமாக்கினாள். புள்ளி வந்தது.

எனக்கு இதில்தான் சண்டை. ‘மதர் ஆஸ்க் அகெய்ன்’ என்பதில் இலக்கணம் பிழை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஐந்து வசனத்தையும் திரும்ப வாசித்துப் பாருங்கள். சனம் வாயை மூடிக்கொண்டு நிற்கிறது, அவளுடைய அம்மா இரண்டாம் தடவை கேட்கிறாள். ஒரு சிறுகதை எந்த இடத்தில் திரும்ப வேண்டுமோ அதே இடத்தில் திரும்பியிருக்கிறது. பதினாறு வயதுப் பிள்ளை, யாரும் சொல்லித் தராமல், தனக்குச் சரியாக வராத ஒரு மொழியில் இதைச் செய்திருக்கிறாள். அதற்கு நாங்கள் கொடுத்த பரிசு, அவள் போகாத ஊருக்கு ஒரு பஸ் டிக்கட்.

அந்த டீச்சரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பதினொன்று வரைக்கும் ஒரே ஆள். ஒரு வகுப்புக்கு நாற்பது கொப்பி. மலையகப் பாடசாலைகளுக்கு உதவி ஆசிரியர் என்று பெயர் வைத்து ஆட்களை எடுத்து, சொற்பக் கொடுப்பனவில் வருடக்கணக்காக இழுத்தடித்த நாடு இது. நாற்பது பிள்ளைகளின் நாற்பது அம்மாக்களைப் பற்றி எழுதின பிழையான இங்கிலீஷை உட்கார்ந்து வாசி என்று அவங்களிடம் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அவங்களும் கொப்பி வழியாகச் சிகிரியா போய் வந்தவங்கதான். நான் சண்டை போடுவது ஒரு நம்பிக்கையோடு. “தோட்டத்துப் புள்ளைக்கு மொதல்ல பாஸ், மத்ததெல்லாம் அப்புறம்” என்கிற நம்பிக்கை. கேட்பதற்கு அக்கறையாக இருக்கும். அதிபர் சொல்வார், டியூஷன் சேர் சொல்வார், அப்பா அம்மா சொல்வார்கள், நாங்களும் எங்கள் வகுப்பில் முதல் ஆறு மாதம் அதைத்தான் சொன்னோம். அந்த ‘அப்புறம்’ எங்கள் ஊரில் யாருக்கும் வந்து நான் பார்த்ததில்லை.

கதைக்கு வருகிறேன். சாதாரண தரத்தில் இங்கிலீஷ் மொழி எல்லாருக்கும் கட்டாயம். ஆங்கில இலக்கிய நயம் என்ற பாடம் வேறு. சங்கீதம், நடனம், சித்திரம், நாடகம், தமிழ் இலக்கிய நயம் எல்லாம் இருக்கிற தொகுதியில் அது ஒரு விருப்பப் பாடம். விருப்பம் என்பது பேப்பரில். டீச்சர் இருந்தால்தான் விருப்பம். எங்கள் பாடசாலையில் அது இருக்கவில்லை. நான் சித்திரம் எடுத்தேன், ரெண்டு வருடம் பெரஹெரா யானை வரைந்தேன். (யானை நன்றாகத்தான் வந்தது.) ஆக, எங்கள் பக்கத்தில் நடந்த பாகப்பிரிவினை இது: டவுன் பாடசாலையில், வீட்டில் யாராவது உத்தியோகம் பார்க்கிற பிள்ளைக்கு இங்கிலீஷில் கதை. தோட்டத்துப் பிள்ளைக்கு இங்கிலீஷில் சுற்றுலாக் கட்டுரை.

நான் ஓ.எல். எடுத்த காலத்து அந்தப் பாடத்திட்டத்தில் என்ன இருந்தது என்று பிறகு தேடிப் பார்த்தேன். வயிறு எரிந்தது. ஆர்.கே. நாராயணின் ‘த வெண்டர் ஒப் ஸ்வீட்ஸ்’ இருந்தது. சென்னையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், மால்குடி என்று இல்லாத ஊர் ஒன்றைக் கட்டி இங்கிலீஷில் எழுதினவர். 1967இல் வந்த அந்த நாவலில் பலகாரக் கடைக்காரர் ஜெகனின் மகன் மாலி, அமெரிக்கா போய் என்ன கொண்டு வருகிறான் தெரியுமா? கதை எழுதுகிற மெஷின் ஒன்றை விற்கிற திட்டம். நாராயண் கேலியாக எழுதினார். எங்கள் பாடசாலைகளில் அந்த மெஷின் எப்போதிருந்தோ ஓடிக்கொண்டிருக்கிறது, மின்சாரம்கூட வேண்டாம், ஒரு நீலநிற கைட் புத்தகம் போதும். இப்போது போனிலும் வந்துவிட்டது. சிகிரியா என்று தட்டினால் ரெண்டு செக்கனில் பைலாவோடு வருகிறது.

அதே பாடத்திட்டத்தில் சாகி எழுதின ‘த லம்பர் ரூம்’ என்ற சிறுகதையும் இருந்தது. அதைத்தான் நாங்கள் சனிக்கிழமை வகுப்பில் வாசித்தோம். பரீட்சைக்கு இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். கோயில் மண்டபம், பதினான்கு பிள்ளைகள், போட்டோகொப்பி நாலுதான். நோட்ஸ் கிடையாது. ஒரு பந்தி இங்கிலீஷில் வாசிப்பது, விளங்காததைத் தமிழில் கேட்பது, மேலே போவது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நிக்கலஸ் என்று ஒரு பொடியன். காலைச் சாப்பாட்டில் தவளை கிடக்கிறது என்கிறான், பெரியவர்கள் யாரும் நம்பவில்லை. தவளை கிடந்தது, ஏனென்றால் போட்டவனே அவன்தான். தண்டனையாக மற்றப் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அனுப்பிவிட்டு இவனை வீட்டில் நிறுத்துகிறாள் அத்தை. நெல்லி மாதிரி ஒரு காய் காய்க்கிற தோட்டம் இருக்கிறது, அதற்குள் போகக் கூடாது என்று கட்டளை. அவன் எப்படியும் புகுந்துவிடுவான் என்று அத்தை பின்னேரம் முழுக்க அங்கேயே காவல் கிடக்கிறாள். அவனுக்குத் தோட்டம் வேண்டவே வேண்டாம். எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது சாவியை எடுத்துப் பூட்டின சாமான் அறைக்குள் போய்விடுகிறான். பிறகு அத்தை மழைத்தண்ணித் தொட்டிக்குள் விழுந்து கத்தும்போது, நீ அத்தை இல்லை, பிசாசு, தோட்டத்துக்குள் வரச் சொல்லி என்னைச் சோதிக்கிறாய் என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

இதை வாசித்து முடிக்கவில்லை, பின்னால் இருந்த பொடியன் ஒருத்தன் சொன்னான்: “இது நம்ம தொர பங்களாக்கா.”

எப்படி என்றேன். பங்களாத் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்த்ததால், எல்லாப் பொடியன்களும் அந்தக் கொய்யா மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். “ஆனா செக்ரோல் இருக்கிறது ஒப்பீஸ்லதானே. அங்க யாரும் எட்டிப் பாக்க ஆசப்பட்டதே இல்ல.” போகாதே என்று சத்தம் போட்டுச் சொல்கிற இடம் ஒன்று, ஒன்றுமே சொல்லாமல் பூட்டி வைத்திருக்கிற இடம் வேறொன்று, விஷயம் ரெண்டாவதில்தான் இருக்கிறது. சாகியின் கதைக்கு இதைவிட நல்ல வாசிப்பை நான் எந்த கைட்டிலும் காணவில்லை.

உடனே சண்டை. விழுந்த ஆளைத் தூக்காமல் விட்டது பாவம் என்றாள் ஒருத்தி. அவள் பொய் சொன்னவள்தானே என்றான் இன்னொருத்தன். பொய் சொன்னால் சாகட்டுமா என்று இவள். நாற்பது நிமிஷம் போனது. அதற்குள் ஒரு பிள்ளை, அவளுடைய அம்மா குவைத்தில், அம்மாயி வீட்டில் வளர்கிறாள், மெதுவாகக் கேட்டாள்: “அவனோட அம்மா எங்கக்கா?”

கதையில் இல்லை. ஒரு வசனம்கூட இல்லை. அந்த அத்தைகூட அவனுடைய சொந்த அத்தை இல்லை, மற்றப் பிள்ளைகளின் அத்தை, தானாகவே அவனுக்கும் அத்தையானவள் என்று சாகி முதலிலேயே குத்திவிட்டுப் போகிறார். சாகியின் சொந்தப் பெயர் ஹெக்டர் ஹியூ மன்ரோ. 1870இல் பர்மாவில் பிறந்தார், சின்ன வயதிலேயே தாயை இழந்தார், இங்கிலாந்தில் அத்தைமாரிடம் வளர்ந்தார், 1916இல் உலக யுத்தத்தில் செத்துப்போனார். இதையெல்லாம் நான் அந்தப் பிள்ளை கேட்ட பிறகுதான் தேடினேன். அவள் கேட்காமல் இருந்திருந்தால் கதையில் அம்மா இல்லை என்பதையே நான் கவனித்திருக்க மாட்டேன்.

அந்தப் பாடத்தை டவுனில் எடுத்த என் சிநேகிதியின் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். ‘த லம்பர் ரூம்’: கருப்பொருள் நான்கு. வளர்ந்தவர்களின் போலித்தனம், சிறுவர் கற்பனை, அதிகாரம், சுதந்திரம். ஒவ்வொன்றுக்கும் மேற்கோள் ரெண்டு. கீழே மாதிரிக் கட்டுரை, ‘இவ்வாறு ஆசிரியர் மிகத் திறமையாக’ என்று முடிகிறது. அவள் அதற்கு ஏ எடுத்தாள். கதையில் அத்தை தொட்டிக்குள் விழுந்தது அவளுக்கு ஞாபகம் இல்லை. ஆகவே டவுன் பிள்ளைகளுக்குக் கதை கிடைத்தது, எங்களுக்குக் கிடைக்கவில்லை என்று நான் மேலே போட்ட கணக்கு முழுக்கச் சரியில்லை. கதையைக் கையில் கொடுத்துவிட்டு வாசிக்க விடாமல் பார்த்துக்கொண்டார்கள். சிகிரியா எல்லாருக்கும் பொதுதான், அவர்களுடைய பஸ்ஸில் ஏ.சி. இருந்தது.

இதில் எனக்கு ஆத்திரம் வருகிற இடம் எது என்றால், சாமான் அறைக்குள் நிக்கலஸ் என்ன செய்கிறான் என்பதுதான். பழைய சித்திரத்துணி ஒன்றைப் பார்க்கிறான். வேடன் மானை அம்பால் அடித்துவிட்டான், காட்டுக்குள்ளிருந்து ஓநாய்கள் வருகின்றன, அது வேடனுக்குத் தெரியாது. பொடியன் சுருட்டி வைத்த இந்தியத் திரைத்துணி ஒன்றின் மேல் உட்கார்ந்து கணக்குப் போடுகிறான். ஓநாய் நாலுதானா, மரத்துக்குப் பின்னால் இன்னும் இருக்குமா? அம்பு எத்தனை மிச்சம்? வேடன் தப்புவானா? யாரும் அவனுக்குக் கருப்பொருள் சொல்லித் தரவில்லை. அறையை விட்டு வந்த பிறகும், பின்னேரத் தேத்தண்ணி மேசையிலும், அதையே யோசித்துக்கொண்டிருக்கிறான். ஒரு கதையை எப்படி வாசிப்பது என்று அந்தக் கதைக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறது. அதை எடுத்து நாலு கருப்பொருளாக வெட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறோம். தோட்டத்து வாசலில் காவல் கிடக்கிற அத்தை யார் என்று இனிமேல் யாரும் கேட்க வேண்டாம்.

இனி, இதை எழுதினால் வரப்போகிற மறுப்புகள் எனக்குத் தெரியும். பாதி எங்கள் ஆட்களிடமிருந்தே வரும்.

முதலாவது: இலக்கணம் தெரியாத பிள்ளை என்ன எழுதும்? இதைச் சொல்கிறவர்கள் ஒரு தடவை தங்கள் வீட்டுக் குழந்தை பேசப் பழகினதை நினைத்துப் பார்க்கட்டும். ‘அம்மா சோறு’ என்று கேட்ட குழந்தையிடம் வேற்றுமை உருபு எங்கே என்று கேட்டுப் பட்டினி போட்டோமா? பிழையைத் திருத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. திருத்துவதற்குப் பிள்ளையிடம் சொந்தமாக ஒரு வசனம் இருக்க வேண்டும். சிகிரியாக் கட்டுரையில் திருத்த ஒன்றும் இல்லை, அதனால் அதிலிருந்து அவள் படித்ததும் ஒன்றும் இல்லை.

இரண்டாவது: பரீட்சை. சரி, பரீட்சையையே எடுப்போம். கடைசியில் வருகிற பெரிய எழுத்துக் கேள்வியில் தெரிவு கொடுக்கிறார்கள். கட்டுரை, பேச்சு, உரையாடல், சில வருடங்களில் பாதியில் விட்ட கதையை முடிப்பது என்று வரும். கதையைத் தொடாதே என்பதுதான் டியூஷனில் எங்களுக்குக் கிடைத்த முதல் புத்திமதி. பாடமாக்க முடியாது பாருங்கள்! பரீட்சைக்காரர்களே ஒரு கதவைத் திறந்து வைத்தால் நாங்கள் உள்ளிருந்து பூட்டுகிறோம். பாடமாக்கின தலைப்பு வராவிட்டால் என்ன நடக்கும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். என்னோடு படித்த ஒருத்தன் வாசிப்பின் பயன் பற்றி எழுதச் சொன்ன இடத்தில், நல்ல புத்தகங்களை வாசிப்பதற்காக அதிகாலை ஐந்து மணிக்குச் சிகிரியாவுக்குப் புறப்பட்டான். இன்றைக்கும் அவனைக் கண்டால் அதைச் சொல்லித்தான் சிரிக்கிறோம். அவனும் சிரிப்பான். ஆனால் இங்கிலீஷ் பாஸ் இல்லாமல் அவன் என்ன வேலைக்கு விண்ணப்பம் போட்டான், என்ன கிடைத்தது என்பதை நாங்கள் பேசுவதில்லை.

மூன்றாவது மறுப்பு எங்கள் கூட்டத்துக்குள்ளேயே வரும். இங்கிலீஷ் வெள்ளைக்காரன் மொழி, தொரைமார் மொழி, தமிழில் எழுதப் பழக்குவோம், அது போதும் என்பார்கள். சிங்களப் பொடியன்கள் இங்கிலீஷை ‘கடுவ’ என்பார்கள், வாள் என்று அர்த்தம், யார் கையில் இருக்கிறதோ அவன் வெட்டுவான். எங்களை வெட்டின வரலாறு இன்னும் நீளம். கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகள் அதற்குப் பிறகும் முப்பது வருடத்துக்குத் தோட்ட நிர்வாகங்களின் கையில்தான் கிடந்தன, எழுபதுகளில்தான் அரசாங்கம் எடுக்கத் தொடங்கியது. அதுவரைக்கும் பெரும்பாலும் அஞ்சாம் வகுப்போடு சரி, பிறகு மலைக்கு. இங்கிலீஷ் படித்த பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று பார்த்தால் கிளாக்கர் வீடு, பெரிய கங்காணி வீடு. ஆகவே அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது.

ஆனால் சி.வி. வேலுப்பிள்ளையை என்ன செய்வீர்கள்? மலையக இலக்கியத்துக்கு மூத்தவர் என்று மேடைக்கு மேடை பெயர் சொல்கிறோம். அவர் இங்கிலீஷில் எழுதினவர். ‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’ என்ற நெடுங்கவிதை இங்கிலீஷ். 1970இல் வந்த ‘போர்ன் டு லேபர்’ இங்கிலீஷ். தோட்டத்து மனிதர்களை ஒவ்வொருவராக நிறுத்தி எழுதின சித்திரங்கள் அது. 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனார், அடுத்த தேர்தல் வருவதற்குள் 1948, 1949 சட்டங்கள் அவருக்கு வாக்குப் போட்ட சனத்தின் பிரஜாவுரிமையையும் வாக்கையும் பிடுங்கிக்கொண்டன. அப்படிப்பட்ட மனிதர் தொரைமார் வாசிக்கிற மொழியில், தொரைமார் எழுதவே எழுதாத ஆட்களைப் பற்றி எழுதினார். அதே ஆள்தான் மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தமிழில் தொகுத்தார், தமிழில் நாவலும் எழுதினார். ஒன்றுக்காக மற்றதை விடவில்லை. லயத்தைப் பற்றி, கொழுந்தைப் பற்றி, இங்கிலீஷில் கட்டுரை எழுதினால் புள்ளி வராது என்று சொல்கிற வகுப்பில், அவர் பள்ளிப் பிள்ளையாக வந்து உட்கார்ந்தால் கொப்பி முழுக்கச் சிவப்பு வட்டம்தான்.

தமிழ் வகுப்பு மட்டும் என்ன வாழ்கிறது? ‘நான் ஒரு தேயிலைச் செடி பேசுகிறேன்’ என்று நாங்கள் எல்லாரும் எழுதியிருக்கிறோம். செடி பேசும். தன் பிறப்பைச் சொல்லும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் நட்டதைச் சொல்லும், அந்நியச் செலாவணி ஈட்டித் தருவதைப் பெருமையாகச் சொல்லி முடிக்கும். அதைப் பறிக்கிற கை மட்டும் கட்டுரையில் வராது. நானே எழுதினேன், அம்மா மலையிலிருந்து வந்து இஸ்தோப்பில் அட்டைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து, செடி பேசுவதாக எழுதினேன். ஆகவே மொழியை மாற்றினால் மட்டும் வியாதி போகாது.

இதில் ஹாலிஎலக்காரர்களுக்கு ஒரு தனி வெட்கம் இருக்கிறது. தெளிவத்தை ஜோசப் 1934இல் பிறந்தது இங்கேதான், ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில். சந்தியிலிருந்து கேட்டால் வழி சொல்வார்கள். தெளிவத்தைத் தோட்டத்தில் வேலை பார்த்து அந்தப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டவர். ‘நாமிருக்கும் நாடே’ எழுதினவர், வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே காம்பிராவுக்குள் கிடக்கிற குடும்பத்தைப் பற்றி ‘மீன்கள்’ எழுதினவர். 2013இல் தமிழ்நாட்டிலிருந்து விஷ்ணுபுரம் விருது கொடுத்தார்கள். 2022இல் செத்துப்போனார். எங்கள் வகுப்பில் பதினான்கு பேரிடம் கேட்டேன், ஒரே ஒருத்தி பெயரைக் கேள்விப்பட்டிருந்தாள். அது அவர்கள் தப்பில்லை. அந்த வயதில் எனக்கும் தெரியாது. ஒஸ்கார் வைல்டின் ‘நைட்டிங்கேல்’ இலண்டனிலிருந்து பதுளை வரைக்கும் வந்துவிட்டது, ஊவாக்கட்டவளைக்காரர் ஹாலிஎல சந்திக்கு இன்னும் வந்து சேரவில்லை.

அதனால் இந்தத் தவணை ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். ஜோசப்பின் கதை ஒன்றிலிருந்து ஒரு பந்தி, பிள்ளைகளே இங்கிலீஷில் போட வேண்டும். மூன்று சனிக்கிழமை ஆகிவிட்டது, ஆறு வரிதான் முடிந்திருக்கிறது. காரணம் சொற்கள். ‘தொங்கல் காம்பிரா’வுக்கு என்ன? ‘பெரட்டு’க்கு என்ன? அகராதியில் தேடி, போனில் தேடி, கடைசியில் பெரட்டு என்பதே ‘பரேட்’ என்ற இங்கிலீஷ் சொல்தான் என்று கண்டுபிடித்தபோது வகுப்பே குழம்பிவிட்டது. காலையில் சனத்தை வரிசையில் நிறுத்திப் பெயர் பதிகிறார்களே, அந்தப் பரேட். லயம் என்பது ‘லைன்’. செக்ரோல் இங்கிலீஷ். தேயிலை பெக்டரியை நாங்கள் ஸ்டோர் என்கிறோமே, அதுவும். காம்பிரா போர்த்துக்கீசம், இஸ்தோப்பு ஒல்லாந்து. “அப்ப அம்மாயிக்கு இங்கிலீஷ் தெரியுமாக்கா?” என்று ஒரு பொடியன் கேட்டான். தெரியும்டா, உனக்குப் பூச்சியம் போடுகிற அதே இங்கிலீஷ் உன் அம்மாயி வாயில் நூறு வருடமாகக் கிடக்கிறது என்றேன். பெரட்டை ‘பரேட்’ என்று எழுதினால் வெளியில் இருக்கிற ஆள் இராணுவம் என்று நினைப்பான் என்றாள் ஒருத்தி. நினைக்கட்டும் என்றாள் அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள். அந்தச் சொல் இன்னும் முடிவாகவில்லை.

சிவப்பு வட்டம் வாங்கின அந்தப் பேப்பரையும் எடுத்தோம். எழுதினவளே முன்னால் நின்று வாசித்தாள். திருத்துவது ஒரு நேரத்தில் மூன்று பிழை மட்டும், எது மூன்று என்று அவளே தெரிவு செய்ய வேண்டும் என்பது எங்கள் வகுப்பு விதி. ‘ஆஸ்க்’கை ‘ஆஸ்க்ட்’ ஆக்கினாள். ‘மதர்’ என்பதை ‘மை மதர்’ என்று மாற்றினாள். ‘ஆல் பீப்பிள் சைலன்ட்’ என்ற வசனத்துக்கு மட்டும் ஒரு ‘வேர்’ போடச் சொன்னேன், அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, அது இப்படியே இருக்கட்டும்க்கா என்றாள். சரி என்று விட்டுவிட்டேன்.

பிறகு கடைசி வாங்கில் இருந்து கேட்டார்கள்: “ரெண்டாவது தடவ கேட்டதுக்குக் கணக்கப்பிள்ள என்னா சொன்னாரு? நீ எழுதவே இல்லியே.”

“ஒண்ணும் சொல்லல” என்றாள். “பதினஞ்சுதான் எழுதினாரு.”

அப்ப அதையும் எழுது என்றார்கள். உட்கார்ந்து எழுதினாள். மூன்றாவது திருத்தம் மிச்சம் இருந்தது, அதைப் பாவிக்கத் தேவைப்படவில்லை, முதல் தடவையே சரியாக வந்துவிட்டது: ‘ஹி ரோட் ஃபிப்டீன்.’